போர்டு குடியிருப்புக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்சென்னையில் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற சாலையில் ஃபிளாட் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். வீடு பிடித்திருக்கும். விலையும் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். "அது என்னங்க?" என்று கேட்டால், "அது கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு புரோக்கர் சமையலறை டைல்ஸைக் காட்டப் போய்விடுவார். வீட்டுக்கு வந்து சொன்னால் மாமாவோ சித்தப்பாவோ, "போர்டு பக்கத்துலயா? வேற இடமே கிடைக்கலையா?" என்பார்.

புரோக்கரையும் நம்ப வேண்டாம், சித்தப்பாவையும் நம்ப வேண்டாம். இந்தப் பகுதியில் வீடு வாங்கி நொந்துபோனவர்களின் புகார்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் மேலே இருப்பவை மழைநீர், கழிவுநீர், லாரித் தண்ணீர், பத்திரக் கோளாறு. அக்கம்பக்கத்து மனிதர்கள் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். ஆகவே சோதனையையும் அந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த போர்டு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பேச்சு வழக்கில் எல்லாமே "ஹவுசிங் போர்டு"தான். காகிதத்தில் அவை இரண்டு வேறு வாரியங்கள். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961 முதல் இருப்பது; குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய் என்று பிரித்து மனையும் வீடும் விற்கும். பணம் முழுவதும் கட்டியவர் கையில் விற்பனைப் பத்திரம் இருக்கும்; அந்த வீடுகள் சாதாரணமாகக் கைமாறுகின்றன. மற்றது 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம். 2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. கூவம், அடையாறு கரைகளிலும் கடற்கரையிலும் இருந்த குடும்பங்களை மறுகுடியமர்த்தியது இந்த வாரியம்தான்.

கண்ணகி நகருக்கு 2000 வாக்கில் இருந்தே ஆட்கள் வந்தார்கள். செம்மஞ்சேரி 2004 சுனாமிக்குப் பிறகு நிரம்பியது. பெரும்பாக்கம் அதற்கும் பிந்தியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெருமளவில் அங்கே மாற்றப்பட்டன. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உண்டு. வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஒரு நடுத்தர நகராட்சியின் மக்கள்தொகை. பேருந்து, பள்ளி, சாலை, சாக்கடை எதை மதிப்பிட்டாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டே மதிப்பிடுங்கள்.

மூன்றாவது வகையும் உண்டு. பெரிய தனியார் திட்டங்களில், நலிந்த பிரிவினருக்கென்று விதிப்படி ஒதுக்கிய சிறிய வீடுகள் அதே வளாகத்தின் ஓரத்தில் ஒரு தனி பிளாக்காக நிற்கும். அங்கே கேட்க வேண்டியது வேறு: அந்த பிளாக்கும் உங்கள் பிளாக்கும் ஒரே சங்கமா, சம்ப்பும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் பொதுவா, மெயின்டனன்ஸ் சதுர அடிக்கா வீட்டுக்கா. இதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட திட்டங்களில், பில்டர் கிளம்பிய மறுமாதமே சண்டை தொடங்கிவிடும்.

2. நிலம்

போர்டு குடியிருப்புகள் ஏன் அங்கே வந்தன? அரசிடம் மொத்தமாகக் கிடைத்த நிலம் அங்கேதான் இருந்தது. ஏன் கிடைத்தது? தாழ்வான நிலம் என்பதால் அதுவரை பெரிதாக யாரும் கேட்கவில்லை. நீங்கள் வாங்கப்போகும் தனியார் ஃபிளாட்டும் அதே தாழ்நிலத்தின் தொடர்ச்சியில்தான் நிற்கிறது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வரும் தண்ணீர் இந்தப் பக்கமும் வரும்.

தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரம் பக்கம் கடலைச் சேர்கிறது. கண்ணகி நகர் அந்த மடுவை ஒட்டியே இருக்கிறது. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இதே வடிகால் பரப்பில் அடங்கும். 2015, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டு மழையிலும் இந்த வட்டாரத்தில் தண்ணீர் நின்றது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த வாசலில் எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் நின்றது?

பில்டரிடம் கேட்டால் "நம்ம சைட்ல வரல" என்பார். அவர் சைட் 2015-ல் காலி மனையாக இருந்திருக்கும். தெருமுனை மளிகைக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, இஸ்திரி வண்டிக்காரர் ஆகியோரிடம் கேளுங்கள். போர்டு பிளாக்கின் தரைத்தளத்தில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். கதவில் எந்த இடம் வரை வந்தது என்று கையை வைத்தே காட்டுவார்கள். கண்ணால் பார்க்கும் தடயங்களும் உண்டு. பழைய வீடுகளில் மின்மீட்டர் பெட்டி தலைக்கு மேல் ஏறியிருக்கும். மோட்டார் ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில் பழைய ஆணித் துளைகள் மட்டும் இருக்கும். கடைகளில் ஃபிரிட்ஜ் செங்கல் மேல் நிற்கும். பல வீடுகளில் ஒரே உயரத்தில் இவை இருந்தால் அதுதான் வெள்ளக் கோடு.

கோடு தெரிந்ததும் அதை ஃபிளாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: பத்துப் பதினைந்து மீட்டர் நீளத்தில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர். ஒரு முனையை வெள்ளக் கோடு பார்த்த கடையின் முன் சாலையிலும், மறுமுனையை ஃபிளாட்டின் ஸ்டில்ட் (தூண்களுக்கு இடையே உள்ள பார்க்கிங் தளம்) தரையிலும் நிமிர்த்திப் பிடியுங்கள். தூரம் அதிகமென்றால் இடையில் ஒரு புள்ளி வைத்து இரண்டு தடவையாக எடுக்கலாம். சாலை முனையில் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் 130 செ.மீ., ஸ்டில்ட் முனையில் 95 செ.மீ. என்றால் ஸ்டில்ட் தரை சாலையைவிட 35 செ.மீ. உயரம். கடைச் சுவரில் வெள்ளக் கோடு சாலையிலிருந்து 80 செ.மீ. என்றால், அதே மழை வந்தால் உங்கள் ஸ்டில்ட்டில் 45 செ.மீ. நிற்கும். காரின் கதவுக்குள் தண்ணீர் போகும் உயரம் அது. மோட்டார், லிஃப்ட் குழி, ஜெனரேட்டர் மூன்றும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். சாலை ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடப்பட்டால் அந்த 35 செ.மீ. சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெள்ளம் வரக்கூடிய இடத்தில் பெரிய கட்டடத்துக்கு அனுமதி தரும்போது நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். மனையை எவ்வளவு உயர்த்த வேண்டும், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். "அது ஆபீஸ்ல இருக்கு" என்று இழுத்தடித்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று சொல்ல வேண்டும்: ஒவ்வொரு பில்டரும் தன் மனையை மூன்றடி ஏற்ற, தண்ணீர் பக்கத்துப் பள்ளமான போர்டு தெருவில் போய் நிற்கிறது. பிறகு "அங்க எப்பவும் தண்ணி நிக்கும்" என்று நாமே பேசுகிறோம்.

சதுப்பு நிலம் சம்பந்தமான சட்டச் சிக்கல் புதிது, கவனமாகப் படியுங்கள். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடிந்து தாக்கப் பகுதி (சதுப்பு நிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பரப்பு) எது என்று முடிவாகும் வரை, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கி.மீ. தூரத்துக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. இந்த வட்டாரத்தின் பெரும்பகுதியை இது தொடுகிறது. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் திட்ட அனுமதியின் எண்ணும் தேதியும் கேட்டு, சர்வே எண்ணோடு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அலுவலகத்திலேயே இன்றைய நிலையை விசாரியுங்கள். கட்டி முடித்த வீடு என்றால் பணிநிறைவுச் சான்று கட்டாயம் இருக்க வேண்டும். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்ற நிலையில் உள்ள கட்டடத்துக்கு இந்தப் பகுதியில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

3. குடிநீரும் கழிவுநீரும்

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, சோழிங்கநல்லூர் ஆகியவை சென்னை மாநகராட்சிக்குள் வருகின்றன. பெரும்பாக்கமும் மேடவாக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகள். ஒரு தெரு தள்ளினால் வரி, குப்பை, தண்ணீர், பாதாளச் சாக்கடை எல்லாவற்றுக்கும் அலுவலகம் மாறிவிடும். விளம்பரத்தில் "சோழிங்கநல்லூர் அருகில்" என்று இருந்தாலும் சொத்துவரி ரசீதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

லாரித் தண்ணீர்க் கணக்கை நீங்களே போடலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுபவர்கள் வைக்கும் அளவு. 40 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஒரு நாளுக்கு 21,600 லிட்டர். போர்வெல் கைவிட்டால் 12,000 லிட்டர் லாரி தினமும் ஏறக்குறைய இரண்டு. அத்தனைக்கும் கொள்ளும் சம்ப் இருக்கிறதா? லாரி நிற்கத் தெருவில் இடம் இருக்கிறதா? சங்கத்தின் கடைசி 12 மாத வரவுசெலவைக் கேளுங்கள். மே, ஜூன் மாதத்துத் தண்ணீர்ச் செலவை ஜனவரியோடு ஒப்பிட்டால் போர்வெல்லின் கதை தெரிந்துவிடும். போர்வெல் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் (கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) நீங்களே அளவிடுங்கள்: லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிநீர்த் தரம், வேறு வழியில்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். அதற்கு மேல் போனால் குழாய், கீசர், துணி மூன்றும் பாழ்.

கழிவுநீர் இணைப்பு இல்லாத இடத்தில் வளாகமே சுத்திகரித்தாக வேண்டும். அந்தச் சுத்திகரிப்பு ஓடுகிறதா, பெயருக்கு நிற்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அரைமணி நேரம் ஆடாமல் வையுங்கள். பழுப்பு நிற வண்டல் பாட்டிலில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை படிந்து, மேலே நீர் தெளிந்து நின்றால் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது. கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை அடித்தால் கரன்ட் பில்லை மிச்சம்பிடிக்க காற்று ஊதும் புளோயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்போது அந்தக் கழிவு எங்கே போகிறது? பெரும்பாலும் மழைநீர் வடிகாலில். அடுத்த மழையில் அதே நீர் தெருவுக்குத் திரும்பும்.

4. காகிதம்

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா ஆகியவற்றை எல்லாரும் பார்ப்பார்கள்; வழக்கறிஞரும் பார்ப்பார். இந்தப் பகுதிக்கென்று கூடுதலாகப் பார்க்க வேண்டியவை உள்ளன.

அ-பதிவேட்டிலும் (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமப் பதிவேடு) புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) உங்கள் சர்வே எண்ணின் எல்லைகளைச் சுற்றிப் பாருங்கள். பக்கத்து எண் என்ன வகை? கழுவெளி (சதுப்பு நிலம்), மேய்க்கால், ஏரி, தாங்கல், வாய்க்கால் என்று ஏதாவது புறம்போக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து எல்லை அளந்து பாருங்கள். மதில் சுவரோ ஸ்டில்ட் பார்க்கிங்கோ இரண்டடி புறம்போக்குக்குள் போயிருந்தால், இடிக்க வரும்போது நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும், பில்டர் பெயருக்கு வராது. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் புலப்படமும் அ-பதிவேட்டு விவரமும் சர்வே எண் போட்டாலே கிடைக்கும்.

அடுத்தது பாதை. உங்கள் வாசலுக்கு வரும் சாலை யாருடையது? போர்டு லே-அவுட்டுக்குள் ஓடி வரும் சாலையா, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த சாலையா, பில்டரின் தனிப்பாதையா? திட்ட அனுமதி வரைபடத்தில் காட்டிய அகலம் தரையில் இருக்கிறதா என்று டேப் பிடித்து அளவிடுங்கள். எதிர்த்திசையிலும் கேளுங்கள். உங்கள் மனையின் குறுக்கே போர்டு மக்கள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோகும் ஒற்றையடிப்பாதை இருந்து, அதை மதில் கட்டி அடைத்திருந்தால், அந்த மதில் அப்படியே நிற்கும் என்று எண்ண வேண்டாம். வழக்கு, போராட்டம், ஓட்டை என ஏதாவது ஒன்று வரும். இப்படிப்பட்ட இடங்களில் முறையாக ஒரு நடைபாதை விட்டிருக்கும் வளாகத்தில்தான் நிம்மதி அதிகம்.

பிரிபடாத பாகத்தை, அதாவது மொத்த மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு வரும் பங்கை, கணக்கிட்டுப் பாருங்கள். மனை 5 கிரவுண்டு, அதாவது 12,000 சதுர அடி. விற்கும் மொத்தப் பரப்பு 24,000 சதுர அடி என்றால் 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 500 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 380 என்று இருந்தால் மீதி எங்கே போனது? ஒன்று, பில்டர் தன் பெயரில் வைத்திருக்கிறார். இல்லையென்றால் அனுமதியை மீறி மாடி ஏற்றியிருக்கிறார்.

8 வீட்டுக்கு மேல் அல்லது 500 ச.மீ.க்கு மேல் மனை உள்ள புதுத் திட்டம் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைப் போட்டு, அனுமதி வரைபடத்தை இறக்கி, காட்டிய ஃபிளாட் அதில் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒப்பந்தம் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க பில்டருக்குச் சட்டம் இடம் தரவில்லை. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும்.

5. அக்கம்பக்கம்

"ஏரியா சரியில்ல" என்பது தகவலாகாது. நீங்களே போய்ப் பாருங்கள், ஆனால் ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள். வாரநாளில் காலை ஆறு மணிக்குப் போனால் குப்பை வண்டி வருகிறதா, தண்ணீருக்குக் குடம் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும். எட்டரைக்குப் போனால் பேருந்துக் கூட்டம் தெரியும். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) அலுவலகங்களின் துப்புரவு, காவல், வீட்டுவேலை ஆட்களில் பெரும்பகுதியினர் அப்போதுதான் கிளம்புகிறார்கள். அடுத்து சனிக்கிழமை இரவு ஒன்பதரை. மதுக்கடை பத்து மணிக்கு மூடும். மூடும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஃபிளாட் வாசல் வரை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, அந்த நேரத்தில் பெண்கள் தனியாக நடக்கிறார்களா? இந்த வளாகத்தில் குடியிருக்கும் இரண்டு பெண்களிடம், முடிந்தால் இரவுப்பணி முடிந்து வரும் ஒரு செவிலியரிடம், கேளுங்கள். அவர்கள் சொல்வது புரோக்கரும் சித்தப்பாவும் சொல்வதைவிட மதிப்புள்ளது.

குற்றம் பற்றிய பயத்துக்கும் ஆவணம் உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் இணையதளத்தில் காவல் நிலையம் வாரியாக முதல் தகவல் அறிக்கைகளைத் தேடலாம். பெரும்பாக்கத்தையும், நீங்கள் "நல்ல ஏரியா" என்று நினைக்கும் இன்னொரு நிலையத்தையும் ஒரே மாதத்துக்கு எடுத்துப் படியுங்கள். எந்த வகை, எந்தத் தெரு என்று பாருங்கள். குடும்பத் தகராறும் உங்கள் வாசலில் செயின் பறிப்பும் ஒரே தலைவலி கிடையாது. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், மக்கள்தொகை பல மடங்கு வேறுபடும்.

இடப்பெயருக்கு ஒட்டிய முத்திரை வேறு விஷயம், அது நிஜமாகவே காசைத் தின்னும். கண்ணகி நகர் முகவரி கொடுத்தால் வேலை கிடைப்பதில்லை, கடன் கிடைப்பதில்லை என்பது அங்குள்ளவர்களின் பல ஆண்டுக் குறை. 2025 ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா அந்த நகர்க்காரர் என்பதை ஊரே கொண்டாடியது. முகவரி மட்டும் இன்னும் பலருக்குச் சுமையாகத்தான் இருக்கிறது. நிதி நிறுவனங்கள் சிலவற்றில் "நெகட்டிவ் ஏரியா" என்று பின்கோடு வைத்தே ஒதுக்கும் பழக்கம் உண்டு. பின்கோடு தெருவைப் பிரித்துப் பார்க்காது, ஆகவே அது உங்களையும் தொடலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வங்கியில் சர்வே எண்ணும் முகவரியும் கொடுத்து, இந்த இடத்துக்குக் கடன் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இரவு பத்துக்கு அந்த வாசலில் நின்று டாக்சி போட்டுப் பாருங்கள், சாப்பாடு ஆர்டர் செய்து பாருங்கள்.

நல்லவற்றையும் எண்ணுங்கள். இவ்வளவு பேர் இருக்கும் இடத்துக்கு மாநகரப் பேருந்து வந்தாக வேண்டும். பக்கத்துத் தனியார் வளாகங்களுக்கு அந்தப் பேருந்துதான் ஆதாரம். காய்கறியும் மீனும் மலிவு. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வீட்டுவேலைக்கு ஆள் எல்லாம் நடை தூரத்தில். பெரும்பாக்கத்தில் பெரிய தனியார் மருத்துவமனையும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் இருக்கின்றன. மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடமும் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக வருகிறது. ஆனால் வரப்போகும் ரயிலுக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். "மெட்ரோ வந்தா டபுள் ஆகும்" என்பவர் அதை ஒப்பந்தத்தில் எழுதித் தர மாட்டார்.

6. விலையும் கடனும்

தள்ளுபடி உண்மையா என்று எப்படித் தெரியும்? பதிவுத்துறை இணையதளத்தில் அதே வளாகத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்க விவரம் எடுங்கள். ஒவ்வொரு பத்திரத்துக்கும் "கைமாற்றுத் தொகை", "சந்தை மதிப்பு" என்று இரண்டு எண்கள் இருக்கும். கடைசி இரண்டு ஆண்டில் மறுவிற்பனை ஆனவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இதையே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அதே வயதுள்ள வளாகத்துக்கும் செய்யுங்கள். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு என்பதால், வங்கிகளின் இ-ஏல அறிவிப்புகளில் அதே பகுதி ஃபிளாட்டுகளின் குறைந்தபட்ச ஏல விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஏலத்திலும் போகாமல் ஓர் ஆண்டு சுற்றிவரும் வளாகம் என்றால் காரணம் கேளுங்கள்.

இங்கே அடிக்கடி சறுக்குவது வங்கி மதிப்பீட்டில். விலை 55 லட்சம் பேசியிருக்கிறீர்கள். 30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. ஆகவே 44 லட்சம் கடன், 11 லட்சம் கைப்பணம் என்று திட்டம். மதிப்பீட்டாளர் வந்து சுற்றுப்புறம் பார்த்து 50 லட்சம் என்று எழுதினால் கடன் 40 லட்சமாகும். கைப்பணம் 15 லட்சமாக ஏறும். பதிவுச் செலவு தனி. புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, கூட்டு மதிப்பு (நிலப் பங்கும் கட்டடமும் சேர்ந்தது) 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கு மேல் 3 கோடி வரை 5-ம் 2-ம். 55 லட்சத்துக்கு 3.85 லட்சம். மறுவிற்பனை வீடு என்றால் 7-ம் 2-ம் சேர்த்து 9 சதவீதம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; விலை 45 லட்சத்துக்குள்ளும் கார்பெட் பரப்பு 60 ச.மீ.க்குள்ளும் இருந்தால் 1 சதவீதம்தான். பணிநிறைவுச் சான்று வந்தபின் விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் (இதுவும் டி.டி.எஸ்.தான்) செய்ய வேண்டியது உங்கள் பொறுப்பு.

மதிப்பீடு குறைந்தால் பேரம் பேச அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. "வங்கி ஐம்பதுதான் சொல்லுது" என்று காகிதத்தைக் காட்டுங்கள். ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேருங்கள்: குறிப்பிட்ட தொகைக்குக் குறையாமல் கடன் கிடைக்கவில்லை என்றால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும். விற்பவர் மறுத்தால் அட்வான்ஸை ஒரு லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுக்குள் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் இங்கே வாங்காதீர்கள். நீங்கள் வாங்கும்போது கிடைத்த தள்ளுபடியை விற்கும்போது நீங்களும் கொடுக்க வேண்டும், ஆளும் மெதுவாகத்தான் வருவார். குடியிருக்கவோ, வாடகைக்கு விடவோ என்றால் கணக்கு வேறு; வாடகை விலையளவுக்குக் குறைவதில்லை. சோழிங்கநல்லூர் எல்காட் ஐ.டி. வளாகத்துக்கும் மருத்துவமனைக்கும் நடந்துபோகும் தூரத்தை வாடகைக்காரர் பெரிதாக மதிக்கிறார்.

7. போர்டு வீட்டையே மலிவாகத் தருகிறேன் என்றால்

இந்தப் பகுதியில் வீடு தேடினால் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். வாழ்விட வாரியத்தின் ஒதுக்கீட்டு வீடு, சில லட்சம், ஸ்டாம்ப் பேப்பரில் அக்ரிமென்டும் பவரும் எழுதித் தருகிறோம் என்பார்கள். ஒதுக்கீட்டு ஆணை உரிமைப் பத்திரம் கிடையாது. வாரியம் ஒதுக்கீடு பெற்றவர் பெயருக்கு விற்பனைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருக்கிறதா, அதில் விற்கக் கூடாத காலக்கெடு உண்டா என்ற இரண்டுக்கும் ஆவணமாகப் பதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பில் வேறு ஆள் குடியிருப்பது தெரிந்தால் ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம். அப்போது உங்கள் காசு எந்த ஆவணத்திலும் இருக்காது. உங்களை உள்ளே குடிவைத்த, ஒதுக்கீடு பெற்ற அந்தக் குடும்பமும் வீடில்லாமல் போகும்.

8. கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

ஒரு பருவமழையாவது பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஜூனில் பிடித்துப்போன வீட்டுக்கு நவம்பர் வரை காத்திருக்க முடியாது என்றால், ஒப்பந்தக் காலத்தை ஆறு மாதமாக வைத்து, பதிவை டிசம்பருக்குத் தள்ளப் பேசிப் பாருங்கள். கனமழை பெய்த மறுநாள் காலை போய், தெரு, ஸ்டில்ட், லிஃப்ட் குழி மூன்றையும் படம் எடுத்து வாருங்கள்.

வாங்கியாகிவிட்டால் முதல் சங்கக் கூட்டத்தில் இன்டீரியர் பேச்சுக்கு முன் மோட்டாரைப் பேசுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியையும் மின்பலகையையும் அளந்து வைத்த வெள்ளக் கோட்டுக்கு ஓரடி மேலே ஏற்ற வேண்டும். சம்ப் மூடிக்கு ரப்பர் பட்டை வைக்க வேண்டும். சாக்கடைக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பொருத்த வேண்டும். மழைக்காலத்தில் லிஃப்டை முதல் மாடியில் நிறுத்தி வைக்கும்படி காவலாளியிடம் சொல்லிவிடுங்கள். காரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று மேட்டுப்பாங்கான ஓரிடத்தையும் அக்டோபருக்குள் பார்த்து வையுங்கள்.